ஃபியூஸ் போன ட்யூப்லைட் யார் கையில் உடைகிறது?

(எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகப் பேச்சு கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)



ஒரு ஜோக் சொல்றோம். எல்லாரும் சிரிச்சு முடிச்ச பிறகு ஒருத்தர் மட்டும் தனியா சிரிக்கிறார். அவருக்கு நாம வைக்கிற பேர் என்ன? ட்யூப்லைட்! ஸ்விட்சைப் போட்டதும் எரியாம, ரெண்டு முனையிலும் மினுக் மினுக்குன்னு கண் சிமிட்டிட்டு, அப்புறமா எரியுமே அந்தப் பழைய நாலடிக் குழாய், அதிலிருந்து வந்த பட்டப்பேர் அது.

இன்னிக்கு எபிசோட் அந்த ட்யூப்லைட்டைப் பத்தித்தான். அது எப்படி எரியுதுங்கறதை விட, எரிஞ்சு முடிச்ச பிறகு எங்கே போகுதுங்கறதுதான் விஷயம். இந்த விஷயத்துல நானே ஒரு ட்யூப்லைட்டா இருந்திருக்கேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சென்னையில் வீடு மாறும்போது, பழைய வீட்டுப் பரணில் ரெண்டு ஃபியூஸ் போன ட்யூப்லைட் கிடந்தது. பேப்பர்காரரைக் கூப்பிட்டேன். பழைய ஃபேன், ட்யூப்லைட் மாட்டியிருந்த இரும்புப் பட்டி, சோக், எல்லாத்தையும் எடை போட்டு எடுத்துக்கிட்டார். குழாயை மட்டும், "இது வேணாம் சார், காசு வராது"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார். நானும் தெருமுனைக் குப்பைத்தொட்டி பக்கத்தில் சாய்ச்சு வச்சுட்டு வந்துட்டேன். தொட்டிக்குள்ள போடாம, வெளியே பத்திரமா சாய்ச்சு வச்சதே பெரிய பொறுப்புன்னு எனக்கு ஒரு நினைப்பு.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போறேன். தூய்மைப் பணி செய்யற அக்கா ஒருத்தர் அந்த ரெண்டு குழாயையும் தரையில் படுக்கப் போட்டு, செருப்புக் காலால் மிதிச்சு உடைச்சுக்கிட்டு இருக்காங்க. வெள்ளையா ஒரு தூசி கிளம்புது. முந்தானையை மூக்கில் வச்சுக்கிட்டு, துண்டு துண்டா எடுத்து வண்டியில் போடறாங்க.

"என்னக்கா இப்படி உடைக்கறீங்க, கையைக் கிழிச்சிராதா?"ன்னு கேட்டேன்.

"உடைக்காம எப்படி தம்பி ஏத்தறது? நாலடி நீளம் இருக்கு, வண்டியில நிக்காது. கையால உடைச்சாதான் கிழிக்கும். அதான் கால்ல."

அப்போதான் எனக்கு பல்பு எரிஞ்சுது. நம்ம வீட்டு ட்யூப்லைட் நம்ம வீட்டில் உடையறதில்லை. இன்னொருத்தர் கால்ல, இன்னொருத்தர் மூக்குக்குக் கீழே உடையுது.

அந்த வெள்ளைத் தூசி என்ன?

ட்யூப்லைட்டுக்குள்ள குண்டு பல்பு மாதிரி எரிஞ்சு ஒளி கொடுக்கற கம்பி கிடையாது. உள்ளே கொஞ்சம் ஆர்கான் வாயு, அதோட மிகச் சிறிய அளவு பாதரசம். மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி தூண்டப்பட்டு புற ஊதாக் கதிரை வெளியிடுது. அது நம்ம கண்ணுக்குத் தெரியாது. குழாயோட உள்சுவரில் பூசியிருக்கற பாஸ்பர் பொடிதான் அந்தக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியற வெள்ளை வெளிச்சமா மாத்துது. நீங்க பார்க்கிற வெள்ளைத் தூசி அந்தப் பொடிதான்.

சுருள் சுருளா, இல்லைன்னா 'யு' வடிவத்துல இருக்குமே சிஎஃப்எல் பல்பு, அதுவும் இதே ட்யூப்லைட்தான். வளைச்சு, மடக்கி, சின்னதாக்கினது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ட்யூப்லைட் ஃபியூஸ் போயிடுச்சுன்னா உள்ளே இருக்கற பாதரசமும் தீர்ந்து போச்சுன்னு அர்த்தம் இல்லை. அது எங்கேயும் போகாது. கொஞ்சம் ஆவியா இருக்கும், மீதி அந்தப் பொடியிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கிட்டு இருக்கும். உடைஞ்ச நிமிஷம் ஒரு பகுதி வெளியே வரும். மீதி, அந்தத் துண்டுகளிலிருந்து நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா வெளியே வரும்.

எவ்வளவு இருக்கும்? ஒரு சிஎஃப்எல்லில் சராசரியா நாலஞ்சு மில்லிகிராம். பழைய நாலடிக் குழாய்களில் அதை விட அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு: முன்னாடி காய்ச்சல் பார்க்க வச்சிருந்த கண்ணாடி தெர்மாமீட்டரில் சுமார் 500 மில்லிகிராம் பாதரசம். அதாவது ஒரு தெர்மாமீட்டரில் நூறு சிஎஃப்எல்லோட பாதரசம் இருக்கு.

அதனால வீட்டில் ஒரு பல்பு உடைஞ்சா பதறத் தேவையில்லை. சரியா சுத்தம் பண்ணினா போதும், அது எப்படின்னு பின்னாடி சொல்றேன். ஆனா அந்த அக்காவுக்கு ஒரு பல்பு கணக்கு இல்லை. ஒரு தெரு, ஒரு வார்டு, வருஷம் முழுக்க. கையுறை கிடையாது, முகக்கவசம் கிடையாது, முந்தானைதான். பாதரச ஆவியைத் தொடர்ந்து சுவாசிச்சா முதல்ல பாதிக்கப்படறது நரம்பு மண்டலம்: கை நடுக்கம், ஞாபக மறதி, தூக்கமின்மை. சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

கொடைக்கானல் சொல்லிக் கொடுத்த பாடம்

பாதரசம் கலந்த கண்ணாடி பழைய இரும்புக் கடைக்குப் போனா என்ன ஆகும்? தமிழ்நாட்டுக்கு இது புதுக் கேள்வி இல்லை.

2015-ல் சோஃபியா அஷ்ரஃப் பாடின 'கொடைக்கானல் வோன்ட்' ராப் வீடியோ ஞாபகம் இருக்கா? உங்களில் நிறைய பேர் ஷேர் பண்ணியிருப்பீங்க. அதுக்குப் பின்னாடி இருக்கற கதை 1980-களில் ஆரம்பிக்குது. கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. பின்னாடி அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. இப்போ அந்த நிறுவனத்தோட பேர் ஹிந்துஸ்தான் யூனிலீவர். 2001-ல் உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஒரு விஷயத்தை வெளியே கொண்டு வந்தாங்க: அந்தத் தொழிற்சாலையோட பாதரசம் கலந்த உடைஞ்ச கண்ணாடி, ஊருக்குள்ளேயே இருக்கற ஒரு காயலான் கடையில் டன் கணக்கில் கிடந்தது. அதே வருஷம் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவங்க தங்களோட உடல்நலப் பாதிப்புக்காகப் பதினஞ்சு வருஷம் போராடினாங்க. 2016-ல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோட நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் பண்ணணும்ங்கற சண்டை அதுக்குப் பிறகும் ஓயலை.

ஒரு தொழிற்சாலையையும் என் ரெண்டு ட்யூப்லைட்டையும் ஒரே தராசில் வைக்கலை. அளவு எங்கேயோ இருக்கு. ஆனா வழி ஒண்ணுதான். யாருக்கும் வேண்டாத கண்ணாடி, அதில் கண்ணுக்குத் தெரியாத விஷம், அதை வெறும் கையில் எடுக்கிற ஒரு மனுஷர்.

குப்பை மேட்டுக்குப் போனா?

சென்னையோட குப்பை பெரும்பாலும் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும்தான் போய்ச் சேர்ந்திருக்கு. பெருங்குடிக் குப்பை மேடு இருக்கறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம். அதே வருஷம் ஏப்ரல் மாசம் அந்த மேட்டில் தீப்பிடிச்சு, சுத்துவட்டாரமே புகையில் மூழ்கினதும் நடந்தது.

பாதரசம் எரிஞ்சு அழியற பொருள் இல்லை. அது ஒரு தனிமம். தீயில் ஆவியாகும், காத்தில் போகும், மழையோட கீழே இறங்கும், தண்ணிக்குப் போகும். அங்கே சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமா மாத்தும். அதுதான் ரொம்ப ஆபத்தான வடிவம். சின்ன உயிர்களில் சேர்ந்து, அதைத் தின்ற சின்ன மீனில் கூடி, அதைத் தின்ற பெரிய மீனில் இன்னும் கூடி, கடைசியில் நம்ம குழம்புச் சட்டிக்கு வரும்.

இதோட உச்சத்தை ஜப்பானோட மினமாட்டா நகரம் பார்த்தது. ஒரு ரசாயன ஆலை மெத்தில் பாதரசம் கலந்த கழிவுநீரை விரிகுடாவில் விட்டது. மீன்தான் அங்கே அன்றாடச் சாப்பாடு. 1956-ல் அந்த நோய் அதிகாரபூர்வமா பதிவாச்சு. அந்த நகரத்தோட பேரில்தான் இன்னிக்கு உலக நாடுகள் பாதரசத்துக்கு எதிரா போட்ட மினமாட்டா உடன்படிக்கை இருக்கு. 2017-ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2018-ல் ஏத்துக்கிட்டது.

2023-ல் ஜெனீவாவில் கூடின இந்த உடன்படிக்கை நாடுகள், 2027 முடியறதுக்குள்ள எல்லா ஃப்ளோரசன்ட் விளக்குகளோட உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதியை நிறுத்தணும்னு முடிவெடுத்தாங்க. நல்ல செய்திதான். ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஆபீஸ், பரண்னு இன்னும் மாட்டியிருக்கற, அடுக்கி வச்சிருக்கற பழைய குழாய் எல்லாம் அடுத்த சில வருஷத்தில் வெளியே வரப் போகுது. அதுதான் இந்தப் பேச்சை இப்போ பேசணும்னு நான் நினைக்கறதுக்குக் காரணம்.

எந்த பல்பு எந்தப் பக்கம்?

*குண்டு பல்பு, ஹாலோஜன்:* இதில் பாதரசம் இல்லை. கண்ணாடி, டங்ஸ்டன் கம்பி, உலோக மூடி. ஆனா பாட்டில் கண்ணாடியோட சேர்த்து உருக்க முடியாது. உள்ளே கம்பி இருக்கு, கண்ணாடியோட தன்மையும் வேற. ரெண்டு மூணு சுத்து நியூஸ்பேப்பரில் சுத்தி, மேலே "கண்ணாடி"ன்னு எழுதி உலர் குப்பையில் கொடுங்க. எழுதறது முக்கியம்.

*ட்யூப்லைட், சிஎஃப்எல்:* 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை 'வீட்டு அபாயக் கழிவு' பட்டியலில் பேர் சொல்லியே வச்சது. காலாவதி மருந்து, பூச்சிமருந்து டப்பா, பேட்டரி எல்லாம் அதே பட்டியல். மக்கும் குப்பை, மக்காத குப்பை, அதுக்குப் பிறகு மூணாவது கூடை இது. உள்ளாட்சி அமைப்புகள் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வைக்கணும்னும் அதே விதிகள் சொன்னது. இது போக, பாதரச விளக்குகள் மின்னணுக் கழிவு விதிகளுக்குள்ளேயும் வருது. அதாவது, வித்த நிறுவனத்துக்கும் பொறுப்பு இருக்கு. பெட்டியைத் திருப்பிப் பாருங்க, சக்கரம் வச்ச குப்பைத்தொட்டி மேல பெருக்கல் குறி போட்ட ஒரு படம் இருக்கும். 'இதைக் குப்பையில் போடாதே'ன்னு அர்த்தம்.

*எல்இடி:* பாதரசம் இல்லை. ஆனா குப்பையும் இல்லை. உள்ளே சர்க்யூட் போர்டு, ஈயப்பத்து, செம்பு, அலுமினியம் எல்லாம் இருக்கு. இது மின்னணுக் கழிவு. 2015-ல் ஆரம்பிச்ச உஜாலா திட்டத்தில் மட்டும் நாடு முழுக்க 36 கோடிக்கும் மேல எல்இடி பல்பு விநியோகமாச்சு. அதெல்லாம் இப்போ ஒண்ணொண்ணா கண்ணை மூட ஆரம்பிச்சிருக்கு.

எல்இடியைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பல நேரம் செத்துப் போறது விளக்கு இல்லை, உள்ளே இருக்கற டிரைவர் போர்டு. இல்லைன்னா, வரிசையா இணைச்சிருக்கற சின்னச் சின்ன எல்இடியில் ஒண்ணு மட்டும் போயிருக்கும். மூடியைக் கழட்டினா அதில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அந்த ஒண்ணால மொத்த பல்பும் அணைஞ்சிருக்கும். தெருவில் எலக்ட்ரிக்கல் ரிப்பேர் கடை இருந்தா கேட்டுப் பாருங்க. கரண்ட் வேலை தெரியாதவங்க வீட்டில் முயற்சி பண்ண வேண்டாம்.

வீட்டில் உடைஞ்சுட்டா?

சிஎஃப்எல்லோ ட்யூப்லைட்டோ கீழே விழுந்து உடைஞ்சா நம்ம கை முதல்ல தேடறது துடைப்பத்தை. அதுதான் தப்பு. வரிசையா சொல்றேன்.

ஒண்ணு. குழந்தைகள், நாய், பூனை எல்லாரையும் வெளியே அனுப்புங்க. யாரும் அதை மிதிச்சுக்கிட்டு நடக்கக் கூடாது.

ரெண்டு. ஏசியை அணைச்சு ஜன்னலைத் திறங்க. பத்து நிமிஷம் அந்த ரூமுக்குள்ள போக வேண்டாம்.

மூணு. துடைப்பமும் வேண்டாம், வேக்குவம் க்ளீனரும் வேண்டாம். ரெண்டுமே பொடியையும் ஆவியையும் வீடு பூரா பரப்பும். கெட்டியான ரெண்டு அட்டையை எடுத்து, துண்டுகளையும் பொடியையும் வழிச்சு எடுங்க. கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும்.

நாலு. மிச்சமிருக்கற தூளுக்கு செல்லோடேப். ஒட்டி ஒட்டி எடுங்க. அப்புறம் ஈரமான பேப்பரால் துடைங்க.

அஞ்சு. எல்லாத்தையும், அட்டை, டேப், பேப்பர் உட்பட, மூடி போட்ட ஒரு கண்ணாடி ஜாரில் போட்டு இறுக மூடுங்க. காலி ஊறுகாய் பாட்டில் சரியா இருக்கும். அதை வீட்டுக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைங்க. கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. இன்னும் சில மணி நேரம் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

மெத்தை, போர்வை மேல உடைஞ்சிருந்தா அந்தத் துணியை வாஷிங் மெஷினில் போடாதீங்க. மெஷினிலும் கழிவுநீரிலும் பாதரசம் போகும். அந்தத் துணியைக் கழிவாவே ஒதுக்கிடறது நல்லது.

மறுசுழற்சின்னா உள்ளே என்ன நடக்குது?

"கொடுத்தா மட்டும் என்ன பண்ணிடுவாங்க?"ன்னு போன எபிசோடுக்குப் பிறகு ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

முறையான ஆலையில் குழாயை மூடிய இயந்திரத்துக்குள்ள நொறுக்குவாங்க. உள்ளே காத்தழுத்தம் வெளியை விடக் குறைவா இருக்கும். அதனால ஆவி வெளியே கசியாது. உறிஞ்சற காத்து கார்பன் வடிகட்டி வழியாத்தான் வெளியே போகும். முனையில் இருக்கற அலுமினிய மூடி தனி, கண்ணாடி தனி, பாஸ்பர் பொடி தனியா பிரியும். பொடியைச் சூடாக்கினா பாதரசம் ஆவியாகும், அதைக் குளிர வச்சு திரும்பத் திரவமா பிடிப்பாங்க. நம்ம ஊர்ல பன்னீர் வடிக்கற தத்துவம்தான். அந்தப் பொடியில் இட்ரியம், யூரோப்பியம் மாதிரி அரிய தனிமங்களும் இருக்கு.

அந்த அக்கா காலால பண்ணின அதே வேலைதான் இதுவும்: உடைக்கறது. வித்தியாசம், இங்கே நடுவில் ஒரு மூடி இருக்கு.

சரி, நாம என்ன பண்ணலாம்?

நடைமுறைச் சிக்கலை மறைக்காம சொல்றேன். ஒரு ட்யூப்லைட்டுக்காக எந்த மறுசுழற்சியாளரும் வண்டி அனுப்ப மாட்டார். குழாய்க்குக் காசு கிடையாது, உடையாம கொண்டு போறதுக்குத்தான் செலவு. பேப்பர்காரர் என்கிட்ட சொன்ன அதே கணக்குதான்.

எங்க அபார்ட்மென்ட்டில் நாங்க இதைக் கொஞ்சம் தலைகீழா யோசிச்சோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு நீளமான அட்டைப்பெட்டி வச்சோம். புது ட்யூப் வாங்கும்போது வர்ற அட்டை உறையிலேயே பழசைச் சொருகி அதில் நிக்க வைக்கணும். சிஎஃப்எல்லுக்கு ஒரு பக்கெட். இதுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி: பழைய சார்ஜர், ஒயர், செத்த போன், மிக்ஸி மோட்டார், எல்இடி. இதுக்கெல்லாம் மதிப்பு இருக்கு. மதிப்பு இருக்கறதையும் இல்லாததையும் சேர்த்துக் கொடுத்தா வர ஒத்துக்கறாங்க. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் இருக்கு. அதைப் பார்த்து போன் பண்ணினோம். "பாதரச விளக்கு எடுப்பீங்களா?"ன்னு முதல்லயே கேட்டுடுங்க, எல்லாரும் எடுக்க மாட்டாங்க. எங்களுக்கு நாலாவது போனில்தான் 'சரி' கிடைச்சது. பக்கத்து ரெண்டு அபார்ட்மென்ட்டையும் சேர்த்துக்கிட்ட பிறகுதான் வண்டியே வந்தது. கிட்டத்தட்ட எட்டு மாசம் ஆச்சு.

எட்டு மாசம் பெட்டிக்குள்ள நின்ன குழாய் யாருக்கும் எந்தக் கெடுதலும் பண்ணலை. அதுதான் விஷயம். உடையாத ட்யூப்லைட் ஆபத்தே இல்லை. அவசரமே இல்லை. உங்களால உடனே எங்கேயும் கொடுக்க முடியலைன்னா, உடையாம வச்சிருங்க. அதுவே பாதி வேலை.

தனி வீட்டில் இருக்கீங்க, வேற வழியே இல்லை, மாநகராட்சி வண்டியில்தான் கொடுத்தாகணும்னா, உறையோட, தனியா, கையில் கொடுங்க. கொடுக்கும்போது வாயைத் திறந்து சொல்லுங்க: "அக்கா, இது ட்யூப்லைட். உடைக்காதீங்க, உள்ள இருக்கற பொடி கெடுதல். அபாயக் கழிவு பக்கம் தனியா வைங்க." உங்க வார்டில் அதை எங்கே வாங்கறாங்கன்னு மாநகராட்சியில் கேளுங்க. கேக்கற ஆள் கூடினாத்தான் அந்த மூணாவது கூடை உண்மையிலேயே வரும்.

அந்தப் பழைய தெருவுக்கு அதுக்கப்புறம் ஒரு தடவை போனேன். அந்த அக்காவைப் பார்க்க முடியலை, வேற வார்டுக்கு மாத்திட்டாங்களாம். அவங்ககிட்ட சொல்ல நினைச்சதை இப்போ இருக்கற தெருவில் வர்றவங்ககிட்ட சொன்னேன். அவங்க குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இத்தனை வருசமா யாரும் சொல்லலியே"ன்னாங்க.

இந்த வாரம் உங்க பரணை ஒரு தடவை எட்டிப் பாருங்க மக்களே. அங்கே எத்தனை குழாய் நிக்குதுன்னு எண்ணி எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.